பூச்சிக்கும் நமக்கும் ஒரே நரம்பு வழி

புகையானுக்கு மருந்து அடிச்சிட்டு வர்றவர், "தலை சுத்துது, வாயில எச்சிலா ஊறுது, கண்ணு மங்குது" என்பார். வெயில் என்று நினைத்து மோர் குடித்துப் படுத்துவிடுவார். அது நரம்பு கொடுக்கும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். காரணம் புரிய, நரம்பு வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும்.

நரம்புச் செல்லுக்கு நீளமான வால் உண்டு. இடுப்பிலிருந்து பாதம் வரை போகும் வால் சுமார் ஒரு மீட்டர். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். நம்ம உத்திரமேரூர் ஏரியை நினைச்சுக்குங்க. தண்ணீர் தேங்கி நிற்கிறது, மதகு மூடியிருக்கிறது. சேதி வந்ததும் மதகு திறந்து சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல் அடுத்த மதகைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. திறந்த மதகு நொடிப்பொழுதில் மூடிக்கொள்ளும். வேகமான நரம்பில் சேதி வினாடிக்கு சுமார் 100 மீட்டர் ஓடும்.

வால் நுனிக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி உண்டு. அதைப் பெரும்பாலும் ஒரு ரசாயனம்தான் கடக்கும். 1921-ல் ஆட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அது ஊறிய திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார். அதன் துடிப்பும் குறைந்தது. இதற்காக 1936-ல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு பெற்றார். அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். சேதி சொன்னதும் அதை ஒரு நொதி உடனே உடைத்துவிடும். உடைத்தால்தான் தசை ஓயும்.

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பூச்சி துடித்துச் சாகும். நமக்கும் அதே ரசாயனம், அதே நொதி. அதனால்தான் எச்சில், வியர்வை, தசைத் துடிப்பு, கடைசியில் மூச்சுத் திணறல். 2013-ல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மோனோகுரோட்டோபாஸ் கலந்த மதிய உணவால் 23 குழந்தைகள் இறந்தார்கள். 2023-ல் மத்திய அரசு மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். மருந்துக்குத் தடை உத்தரவு போட்டது. சைபர்மெத்ரின் வேறு வகை. அது சோடியம் மதகை மூடவிடாது.

இயற்கை விவசாயம் செய்கிற நாமும் ஒன்று கவனிக்கணும். அக்னி அஸ்திரத்தில் போடும் புகையிலையில் இருக்கும் நிகோட்டினும் நரம்பு நஞ்சுதான். அது அசிட்டைல்கோலின் போலவே நடித்து சேதி கொடுக்கும். அந்த நொதியால் அதை உடைக்க முடியாது. ஈரப் புகையிலை பறிப்பவர்களுக்குத் தோல் வழியே ஏறி வாந்தி, தலைச்சுற்றல் வருவதுண்டு. மாட்டுக் கோமியத்தில் காய்ச்சியது என்பதால் வெறுங்கையால் கலக்காதீங்க. கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்துணி போடுங்க. காற்றுக்கு எதிராக அடிக்காதீங்க.

வேப்பங்கொட்டைச் சாறு முக்கியமாக வேறு வழியில் வேலை செய்கிறது. அசாடிராக்டின் பூச்சியைத் தின்ன விடாமலும், தோலுரித்து வளர விடாமலும் தடுக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ பருப்பு போதும். உடனே சாகலையேன்னு அவசரப்படாதீங்க.

பக்கத்து வயலில் யாராவது மருந்து அடித்து மயங்கினால், துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. டப்பாவைப் பார்த்தால் அட்ரோபின் ஊசி தேவையா என்று டாக்டர் முடிவு செய்ய உதவும்.