கயாவில் அரை நாள் மிச்சமா?

ஜனவரியில் அப்பாவுக்குத் திதி கொடுக்க, அம்மாவுடன் கயா போகிறோம். அரை நாள் கையில் இருக்கும். புத்தகயா பார்க்க அது போதுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி.
– வாசகி, மன்னார்குடி

தாராளமாகப் போதும். கயா ரயில் நிலையத்திலிருந்து சுமார் 15 கி.மீ.தான். ஆட்டோவில் ஏறும் முன்பே போகவர வாடகையைப் பேசிவிடுங்கள். ஜனவரிக் காலையில் பனிமூட்டத்தில் கோபுரமே தெரியாமல் போகலாம். மதியத்துக்கு மேல் கிளம்புங்கள்.

மகாபோதி கோயிலுக்குள் செல்போன் கூடாது. 2013 குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த கெடுபிடி இது. வெளியே ஒப்படைத்துவிட்டுப் போகலாம். செல்ஃபி போச்சே என்று வருந்தாதீர்கள், அம்மாவுடன் நிம்மதியாகப் பேச நேரம் கிடைக்கும்.

கோயில் பள்ளத்தில் இருப்பதால் படியிறங்க வேண்டும். திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் பேசும்; அவசரப்படுத்த வேண்டாம். செருப்பு கூடாது, தரையோ ஐஸ் மாதிரி இருக்கும். அம்மாவுக்குத் தடித்த சாக்ஸ் எடுத்துப் போங்கள். சந்நிதியில் கும்பிட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் போய் போதி மரத்தடியில் உட்கார வையுங்கள். பழைய மரம் 1876-இல் சாய்ந்தபின் அதன் வழிவந்த கன்றை நட்டு வளர்த்தது இது. இலையைப் பறிக்கக் கூடாது. தானாக விழும் ஒரே ஓர் இலைக்கு நாலைந்து பேர் பாய்வதைப் பார்ப்பீர்கள், அதில் பிக்குகளும் உண்டு!

மற்ற நாட்டு மடாலயங்களை விட்டுவிடுங்கள். நேரமிருந்தால் 80 அடி புத்தர் சிலை மட்டும் போதும். பனியில் ரயில் தாமதமானால் அந்த அரை நாளும் கரைந்துவிடும். திதிக்கு முதல் நாளே கயா போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள்.