அந்த ‘சி’யை அலட்சியம் செய்யாதீர்கள்

“பிளஸ் சி போட மறந்தால் அரை மார்க் போகும், அவ்வளவுதான் சார்.” பிளஸ் டூ மாணவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், பொறியியல் முடித்த பெற்றோர்கள் என எல்லோரிடமும் இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. தொகையிட்டு முடித்ததும் கடைசியில் ஒட்டவேண்டிய ஒரு சம்பிரதாயம், விடைத்தாள் திருத்துபவருக்காகப் போடும் கும்பிடு என்றே அந்த மாறிலியை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்களே இப்படிச் சொன்னால் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்?

திசைவேகத்தைத் தொகையிட்டால் பொருள் எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியும். எங்கிருந்து கிளம்பியது என்பது தெரியாது. எவ்வளவு கணக்குப் போட்டாலும் தெரியாது. அதை வெளியிலிருந்து நாம்தான் கொடுக்க வேண்டும். அந்தத் தகவல் உட்காரும் இடம்தான் சி.

தரையிலிருந்து ஒரு பந்தை வினாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் நேர் மேலே எறியுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம், காற்றுத் தடையை விட்டுவிடுவோம். திசைவேகம் வினாடிக்கு வினாடி 10 குறையும். தொகையிட்டால், நேரத்தின் 20 மடங்கிலிருந்து நேரத்தின் வர்க்கத்தைப்போல் 5 மடங்கைக் கழித்து, அதோடு சியைக் கூட்ட வேண்டும். அதுதான் பந்தின் உயரம். தரையிலிருந்து எறிந்ததால் சி பூஜ்யம். பந்து 4ஆவது வினாடியில் தரையைத் தொடும். இனி அதே பந்தை அதே வேகத்தில் 25 மீட்டர் உயர மாடியின் விளிம்பிலிருந்து எறியுங்கள். திசைவேகச் சமன்பாட்டில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் இப்போது சி 25. 4ஆவது வினாடியில் பந்து திரும்பி மாடி மட்டத்துக்குத்தான் வந்திருக்கிறது. தரைக்கு வர 5 வினாடி ஆகும். திசைவேகத்தை மட்டும் பார்த்து இந்த இரண்டு பந்துகளையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. இதற்குப் பெயர் சம்பிரதாயமா?

பரீட்சைத் தாளுக்கு வெளியே இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்பவர்களுக்கு, 2015 மார்ச் 10 அன்று சிட்னியில் நடந்ததைச் சொல்கிறேன். கோலாலம்பூர் கிளம்பிய ஏர் ஏசியா எக்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் விமானம் அது. இத்தகைய விமானங்களில் உள்ள நிலைம வழிகாட்டிக் கருவி, முடுக்கத்தை அளந்து, அதைத் தொகையிட்டுத் திசைவேகத்தையும், அதை மறுபடி தொகையிட்டு இருப்பிடத்தையும் கணக்கிடுகிறது. தொடங்கும் இடத்தை மட்டும் விமானம் நிற்கும்போதே கொடுத்துவிட வேண்டும். கேப்டன் கொடுக்க வேண்டிய தீர்க்கரேகை கிழக்கு 151 பாகை 9.8 கலை. அவர் உள்ளிட்டதோ 15 பாகை 19.8 கலை. ஒரே ஒரு எண் தவறு. விமானம் தன்னை 11,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, வேறு கண்டத்துப் பக்கம் இருப்பதாகக் கணக்கில் வைத்துக்கொண்டது. மேலெழும்பித் தானியங்கி விமானியை இயக்கியதும், பக்கத்து ஓடுபாதையின் புறப்பாட்டுப் பாதையை நோக்கி இடப்பக்கம் திரும்பியது. பறந்தபடியே சரிசெய்யப் போய் மேலும் சில கருவிகள் செயலிழந்தன. சிட்னியில் வானிலையும் சரியில்லாததால், கடைசியில் மெல்போர்னில் போய் இறங்கினார்கள். நல்லவேளையாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கையைப் படித்துப் பாருங்கள். தொகையிடும் முறையில் பிழை இல்லை. கொடுத்த தொடக்க மதிப்புதான் தவறு. அரை மார்க் விஷயம் என்று இனி யாராவது சொன்னால், இந்த விமானத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

மற்ற தப்பெண்ணங்களுக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. “எஸ் ஈக்வல்ஸ் யூடி பிளஸ் ஹாஃப் ஏடி ஸ்கொயர் இருக்கும்போது தொகையீடு எதற்கு?” அந்தச் சூத்திரம் முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டுமே செல்லும். எரிபொருள் எரிய எரிய எடை குறைந்து முடுக்கம் கூடிக்கொண்டே போகும் ராக்கெட்டுக்கு அதைப் போட்டால் விடை தவறு. அந்தச் சூத்திரமே தொகையிட்டு வந்ததுதான்.

“தொகையீட்டின் விடைதான் கடந்த தூரம்.” இல்லை, அது இடப்பெயர்ச்சி. தரையிலிருந்து எறிந்த பந்து 20 மீட்டர் ஏறி 20 மீட்டர் இறங்கியது. கடந்த தூரம் 40, இடப்பெயர்ச்சி பூஜ்யம். தூரம் வேண்டுமானால், திசைவேகம் குறி மாறும் இடத்தில் கணக்கைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

“கைபேசியிலேயே முடுக்கமானி இருக்கிறதே, ஜிபிஎஸ் எதற்கு?” முடுக்கத்தில் 0.01 அளவுக்கு மாறாத பிழை இருந்தால் போதும். இருமுறை தொகையிடும்போது பத்தே நிமிடத்தில் இருப்பிடம் 1.8 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும்.

“இதெல்லாம் நியூட்டன் காலத்துக்குப் பிறகு வந்தது.” நுண்கணிதத்தை ஒரு முறையாக வகுத்தவர்கள் நியூட்டனும் லைப்னிட்ஸும்தான், மறுக்கவில்லை. ஆனால் திசைவேகக் கோட்டின் அடியில் உள்ள பரப்பிலிருந்து இடப்பெயர்ச்சியை எடுக்கும் யோசனை மிகப் பழையது. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள பாபிலோனியக் களிமண் பலகைகளில், வியாழன் கோள் நாளொன்றுக்கு 12 கலை வேகத்தில் தொடங்கி, 60 நாளில் ஒன்பதரைக் கலைக்குக் குறைவதாக ஒரு கணக்கு உண்டு. இரண்டின் சராசரியை 60ஆல் பெருக்கி, 10 பாகை 45 கலை நகர்ந்தது என்று விடை எழுதியிருக்கிறார்கள். அது சரிவகத்தின் பரப்பேதான். ஓசன்டிரைவர் என்ற ஆய்வாளர் 2016இல் இதை வெளிப்படுத்தினார். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே போட்ட கணக்கு.

அந்தப் பலகை எழுதியவர்களுக்குக் கிடைத்த தெளிவு நம் பிள்ளைகளுக்கு ஏன் கிடைப்பதில்லை? பிளஸ் ஒன் இயற்பியலில் இயக்கவியல் பாடம் ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. கணக்குப் புத்தகத்தில் தொகை நுண்கணிதம் இரண்டாம் தொகுதியில்தான் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் பிள்ளைகள் சூத்திரத்தை உருப்போடுகிறார்கள். ஆசிரியர்களே, முதல் வாரமே ஒரு கிராஃப் ஷீட்டைக் கையில் கொடுங்கள். திசைவேகக் கோட்டை வரையச் சொல்லுங்கள், அடியில் உள்ள கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். பிறகு, “இவ்வளவு நகர்ந்தது சரி, எங்கிருந்து நகர்ந்தது?” என்று கேளுங்கள். இதற்கு ஸ்மார்ட் போர்டும் வேண்டாம், கோச்சிங் சென்டரும் வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. அதே பந்தை 60 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து, அதே 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்தால் எப்போது தரைக்கு வரும்? 6 வினாடி என்று வந்தால் உங்கள் சி சரி. 4 என்று வந்தால் சியை விட்டுவிட்டீர்கள், மறுபடி போடுங்கள்.