ஓரம் வெட்டிய மாவு

அன்புள்ள கண்ணம்மா,

உன் ஆப்பிள் பையின் படம் வந்து சேர்ந்தது. ஓரத்தை விரலால் கொசுவி மடித்திருந்த அழகை உன் சித்தப்பாவிடமும் காட்டினேன். படத்தின் மூலையில், பூரிக்கட்டைக்குப் பக்கத்தில், வெட்டிப் போட்ட மாவுத் துண்டுகள் குவியலாகக் கிடந்ததையும் கவனித்தேன். "இதையெல்லாம் என்ன செய்யட்டும் சித்தி, குப்பையில் போட மனசு வரவில்லை" என்று கேட்டிருந்தாய். ஃபோனில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். போடாதே. அந்தக் குவியலில் ஒரு சாயங்காலத்துக்கான பலகாரம் இருக்கிறது.

முதலில் உன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சப்பாத்தி தேய்த்துக் கொடுத்து வளர்ந்த கை அது. மிச்ச மாவைக் கண்டால் தானாக அள்ளி, அழுத்திப் பிசைந்து, உருண்டையாக்கிவிடும். சப்பாத்திக்கு அது சரி. இந்த மாவுக்கு அதுதான் கேடு. மைதாவில் உள்ள இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற வலையாகின்றன. பிசையப் பிசைய வலை இறுகும். சப்பாத்தி கிழியாமல் விரிய அந்த வலை வேண்டும். பை மாவுக்கு அது எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

பை மாவின் கணக்கு எளிது. எடையில் மைதா 3 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு. தண்ணீர் அதற்குச் சற்றுக் குறைந்தாலும் சரி. ஜில்லென்று இருக்கும் வெண்ணெயைப் பட்டாணி அளவுக்கு உதிர்த்து மாவில் கலக்கிறோம். தேய்க்கும்போது அந்தப் பட்டாணிகள் நசுங்கி மெல்லிய தகடுகளாகி மாவுக்குள் படிந்துகொள்கின்றன. உன் மாவை வெளிச்சத்தில் உற்றுப் பார், ஆங்காங்கே மஞ்சள் திட்டுகள் தெரியும். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். ஓவன் சூட்டில் அது ஆவியாகி மேலும் கீழும் உள்ள மாவைத் தள்ளிப் பிரிக்கிறது. கடித்தால் பொரபொரவென்று ஏடு ஏடாக உதிர்வது அதனால்தான். மிச்சத் துண்டுகளை உருட்டிப் பிசைந்தாயானால் இரண்டு கெடுதல்: மஞ்சள் திட்டுகள் மாவோடு கரைந்து காணாமல் போகும், வலையும் இறுகிவிடும். பிறகு தேய்த்தால் ரப்பர் மாதிரி சுருங்கிச் சுருங்கி வரும்; வெந்தால் அட்டைபோலக் கடினமாகும்.

ஆகவே உருட்டாதே, அடுக்கு. நீளத் துண்டுகளைப் பக்கம் பக்கமாகப் படுக்க வை. அவற்றின்மேல் இன்னொரு வரிசை, அதன்மேல் குட்டித் துண்டுகள். உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தி, தட்டையான வில்லையாக்கி, பிளாஸ்டிக் தாளில் இறுக்கச் சுற்றி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வை. அந்த அரை மணியில் வெண்ணெய் மறுபடி கெட்டிப்படும், வலையும் தளரும். வெளியே எடுத்து 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரே தடவை தேய்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தாலும் அது முதல்முறை தேய்த்த மாவுக்கு ஈடாகாது. அதனால் மிச்ச மாவை வைத்து இன்னொரு சின்னப் பை செய்ய நினைக்காதே. மெல்லியதாக, சின்னதாக, மொறுமொறுப்பே பிரதானமாக, தூக்கலான ருசியோடு எது உண்டோ அதைச் செய். கருகப் போகிற சர்க்கரை, காரமான சீஸ், புளிப்பான ஜாம் என்று எதையாவது அதற்குத் துணையாகக் கொடு. உலகத்தில் இந்த மிச்சத்தை வைத்துப் பலகாரம் கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் இந்த வழியில்தான் போயிருக்கிறார்கள்.

எனக்கு அவற்றில் மிகப் பிடித்தது கியூபெக்கில் செய்யும் பெ-த-சேர். நாங்கள் மாண்ட்ரியலுக்கு வந்த புதிதில் கீழ்வீட்டு அம்மாள் ஒருவர் கற்றுக் கொடுத்தது. கியூபெக்கில் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்குத் தூர்த்தியேர் என்ற இறைச்சிப் பை இல்லாமல் முடியாது. ஒன்றிரண்டு செய்து நிறுத்துகிற வழக்கமும் இல்லை. உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்துச் செய்வார்கள். அத்தனை பைக்கு ஓரம் வெட்டினால் மிச்சம் மலையாகத்தான் சேரும். அடுப்படியில் காத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளுக்கு முதலில் கைக்கு வருவது பெ-த-சேர்தான். பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கும் அகாடியர்களும் இதைச் செய்வார்கள்.

உன் குவியல் 200 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள். அதை 20-க்கு 25 சென்டிமீட்டர் செவ்வகமாகத் தேய். இளகிய வெண்ணெய் 2 மேசைக்கரண்டி தடவு. நீளவாட்டில் ஒரு ஓரத்தை மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு விட்டுவிடு. மேலே பிரவுன் சுகர் 70 கிராம் தூவி உள்ளங்கையால் லேசாக அமுக்கு. சிலர் பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி சேர்ப்பார்கள், நானும் சேர்ப்பேன். எதிர் ஓரத்திலிருந்து பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டு வந்து, தடவாமல் விட்ட ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்டு. இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் நசுங்காமல் வெட்ட வரும். 2 சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லைகளாக வெட்டி, சுருள் மேலே தெரிகிற மாதிரி, ஒரு சின்னப் பாத்திரத்தில் நெருக்கி அடுக்கு. உங்கள் ஓவனில் ஃபாரன்ஹீட் கணக்குத்தான் இருக்கும். 375-இல் வை, அது 190 செல்சியஸ். 20 முதல் 25 நிமிடம்.

பதினைந்தாவது நிமிடம் போல ஓவன் விளக்கைப் போட்டுப் பார். வெண்ணெயும் சர்க்கரையும் உருகிச் சுருளின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, அடியில் சின்னச் சின்னக் குமிழாகக் கொதித்துக்கொண்டிருக்கும். முதலில் பெரிய குமிழ், தளதளவென்று வெடிக்கும். பாகு முற்ற முற்றக் குமிழ் சிறுத்து, சோம்பலாக எழும்பி அடங்கும். நிறமும் தேன் நிறத்திலிருந்து கருந்தேன் நிறத்துக்கு மாறும். எடுக்க வேண்டிய நேரம் அதுதான். எடுத்தபின் இரண்டு நிமிடத்துக்குமேல் பாத்திரத்தில் விட்டுவைக்காதே. பாகு இறுகிப் பாத்திரத்தோடு பிடித்துக்கொண்டால் உளிதான் வேண்டும். கரண்டியால் கிளப்பி, அடிப்பக்கம் மேலே வரும்படி தட்டில் கவிழ்த்து வை. ஆறியதும் அந்த அடிப்பக்கம் கமர்கட்டாக முறியும். நம் நாட்டுச்சர்க்கரையிலும் நன்றாக வரும். துருவிய வெல்லமானால் சீக்கிரம் கருகும், முன்னதாகவே எட்டிப் பார்.

பிரிட்டனில் மிச்ச மாவுக்கு ஜாம் டார்ட்தான். குழி குழியாக இருக்கும் தட்டில் வட்டங்களை வெட்டிப் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி ஜாம். ஆசைப்பட்டு இரண்டு வைத்தால் பொங்கி வழிந்து தட்டோடு கருகும். 400 ஃபாரன்ஹீட்டில் 15 நிமிடம் போதும். நன்றாக ஆறின பிறகுதான் வாயில் போட வேண்டும், கொதித்த ஜாம் நாக்கைப் பொசுக்கிவிடும். அந்த ஊரில் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு கடினமான காலமும் காரணம். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில் வெண்ணெய், சர்க்கரை, உப்பிட்ட பன்றி இறைச்சி மூன்றும் ரேஷனுக்குப் போயின. அதே ஆண்டு மார்ஜரினும் சமையல் கொழுப்பும் போயின. ரேஷன் முழுசாக ஒழிந்தது 1954-இல். பதினான்கு ஆண்டுகள் வெண்ணெயை அளந்து வாங்கின குடும்பத்தில், வெண்ணெய் கலந்த மாவை யார் தூக்கிப் போடுவார்கள்? கார்ன்வால் பக்கம் பாஸ்டி என்ற மடித்த பையின் ஒரு மூலையில், யாருடையது என்று தெரிவதற்காக, அவரவர் பெயரின் முதலெழுத்தை மாவிலேயே வெட்டி ஒட்டுவார்கள். ஓரத்து நறுக்கு அதற்கும் ஆகும். உன் அடுத்த பையின் மேலும் ஒரு 'க' ஒட்டிப் பாரேன்.

இனிப்பு போதும் என்கிற நாளில் சீஸ் குச்சி செய். தேய்த்த மாவின் ஒரு பாதியில் துருவிய செடார் சீஸ், மிளகாய்த்தூள், கொஞ்சம் சீரகம் தூவி, மறுபாதியை மேலே மடித்து, ஒருமுறை லேசாகத் தேய். விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து முறுக்கித் தட்டில் வை. முறுக்கினதைப் பத்து நிமிடம் குளிர வைத்துவிட்டு ஓவனில் வைத்தால் பிரிந்துகொள்ளாது. பரீட்சைக்குப் படிக்கிற ராத்திரியில் உன் அறைத்தோழிகளுக்கு இதைவிட நல்ல நொறுக்குத்தீனி கிடைக்காது.

பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் விவசாயக் குடும்பங்களில் பால் பை என்று ஒன்று உண்டு. மிச்ச மாவைச் சின்னத் தட்டில் பரப்பி, சர்க்கரையும் ஒரு கரண்டி மைதாவும் தூவி, பால் ஊற்றி, பட்டைத்தூள் போட்டு வேகவைப்பார்கள். குழந்தைகளுக்கென்றே செய்வது. கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். சுடச்சுட இருக்கும்போது கரண்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டும்.

நம் பக்கத்துப் பலகாரம் ஒன்றும் இதில் அழகாகப் பொருந்தும். தீபாவளிக்குப் பாட்டி செய்யும் சோமாசியின் பூரணம் உனக்குத் தெரியும்: தேங்காய்த் துருவல், பொட்டுக்கடலைப் பொடி, சர்க்கரை, முந்திரி, ஏலக்காய். மிச்ச மாவை உள்ளங்கையளவு வட்டங்களாக வெட்டி, ஒரு தேக்கரண்டி பூரணம் வைத்து மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, ஆவி போக ஒரு துளை குத்தி, மேலே பால் தொட்டுத் தடவி 375-இல் இருபது நிமிடம் வேகவிடு. ஆனால் எண்ணெயில் மட்டும் பொரிக்காதே. சோமாசி மாவில் நெய் இரண்டு மூன்று கரண்டிதான். இதில் மைதாவின் எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு வெண்ணெய். சூடான எண்ணெயில் விழுந்ததும் வெண்ணெய் உருகி ஓடி, மாவு பிளந்து, பூரணம் வெளியே கொட்டி எண்ணெய் நுரைத்துக்கொண்டு வரும். மிச்ச சோமாசி மாவைப் பாட்டி டைமண்ட் கட்ஸ் ஆக வெட்டிப் பொரிப்பாரே, அதே மாதிரி இதையும் செய்யலாம் என்று உனக்குத் தோன்றும் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். டைமண்டாக வெட்டு, சர்க்கரை தூவு, ஓவனில் வை.

மாவு நீயே கலந்ததா, தோழி கொடுத்ததா என்பதையும் பார்த்துக்கொள். கனடாவில் பலர் பை மாவுக்கு வெண்ணெய் போடுவதில்லை, பன்றிக்கொழுப்புத்தான் போடுவார்கள். டெண்டர்ஃப்ளேக் என்ற பெயரில் பெட்டியாக விற்கும். அந்தப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் செய்முறையில் ஒரு முட்டையும் ஒரு கரண்டி வினிகரும் சேரும். கிரிஸ்கோ என்பது தாவரக் கொழுப்பு. 1911-இல் பருத்திக்கொட்டை எண்ணெயைக் கெட்டிப்படுத்தி விற்பனைக்கு வந்தது. ஏடு நன்றாகப் பிரியும், வெண்ணெயின் வாசனைதான் இருக்காது. உன் வீட்டில் இரண்டு பேர் சைவம், ஒருத்தி முஸ்லிம் பெண் என்றாய். என்ன கொழுப்பு போட்டது என்பதை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் தட்டை நீட்டும்போதே சொல்லிவிடு. தெரியாமல் ஒருவரைச் சாப்பிட வைப்பது எனக்குப் பெரிய தவறாகவே படும்.

இன்னொன்று. பச்சை மாவை வாயில் போடும் வழக்கம் உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு, விட்டுவிடு. முட்டை சேராத மாவுதானே என்று நினைப்பாய். மைதாவே வேகாத பண்டம்தான். 2016 கடைசியிலும் 2017-இலும் கனடாவில் மைதா வழியாக ஈ.கோலை கிருமி பரவிப் பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். மேடையைத் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மற்ற வேலையைப் பார்.

உடனே செய்ய நேரமில்லை என்றால் கவலைப்படாதே. அடுக்கி அழுத்திய வில்லை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். அதற்குமேல் சாம்பல் நிறப் புள்ளி வர ஆரம்பிக்கும். ஃப்ரீசரில் மூன்று மாதம் வைக்கலாம். சுற்றின தாளின்மேல் தேதியையும் என்ன கொழுப்பு என்பதையும் எழுதி ஒட்டு. ஒவ்வொரு பைக்கும் மிஞ்சுவதைத் தனித்தனி வில்லையாக வை. வெண்ணெய் மாவையும் பன்றிக்கொழுப்பு மாவையும் ஒன்றாக அடுக்காதே. வேண்டுமென்கிற நாளுக்கு முந்தின இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடு, காலையில் தேய்க்கிற பதத்தில் இருக்கும். இன்றைக்குப் படத்தில் பார்த்த குவியல் இன்னும் மேடைமேல்தான் கிடக்கிறது என்றால் முதலில் அதை எடுத்து உள்ளே வை. வெண்ணெய் இளகிவிட்டால் அடுக்கினாலும் பிரயோஜனமில்லை.

அன்புடன்,
சித்தி