இடம் மாறிய சுண்ணம்

சுவருக்கு வலிமை தருவது சுண்ணச் சாந்து. அதுவே நீர் செல்லும் குழாயினுள் படியுமாயின் நீரோட்டத்தைத் தடுக்கும். பொருள் ஒன்றே; அஃது இருக்கும் இடமே நன்மை தீமைகளை வகுக்கின்றது. நம் உடம்பினுள்ளும் இவ்வுண்மையைக் காணலாம்.

வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 1 கிலோகிராம் சுண்ணச்சத்து உண்டு. கால்சியம் என வழங்கும் அச்சத்தில் 100-க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் அமைந்துள்ளது. எஞ்சிய சிறு பங்கு குருதி முதலியவற்றில் நின்று, இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் துணைபுரிகின்றது. இவ்வளவு கூடாமலும் குறையாமலும் காப்பதில் சிறுநீரகத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

உணவினால் வரும் பாஸ்பரஸ் என்னும் சத்தின் மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றுகின்றது. வைட்டமின் டி-யைப் பயன்படும் வடிவிற்கு மாற்றி, குடல் சுண்ணத்தை ஏற்குமாறும் செய்கின்றது. சிறுநீரகம் தளர்ந்தவிடத்து இவ்விரு தொண்டும் குன்றுகின்றன. பாஸ்பரஸ் குருதியில் தேங்குகின்றது, சுண்ணமோ குறைகின்றது. உடனே கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகள் மிகுதியாகச் சுரந்து, எலும்பின் சுண்ணத்தைக் கரைத்துக் குருதிக்கு ஈர்க்கின்றன. வறுமையுற்றோர் வீட்டுத் தூணைப் பெயர்த்து விற்று உண்பதை இச்செயல் ஒக்கும்.

இவ்வாறு வந்த சுண்ணமும் தேங்கிய பாஸ்பரஸும் கூடி, குருதிக் குழாய்களிலும், இதயத்தின் வால்வுகளிலும், நுரையீரலிலும், தோலிலும், கண்ணிலும் படிகின்றன. நெகிழ்ந்து விரிய வேண்டிய குழாய் விறைக்கின்றது. இதயம் பெரும்பாடு படுகின்றது. சிலருக்குத் தோலில் ஆறாப் புண்கள் தோன்றி உயிருக்கே இடையூறு விளைக்கின்றன. வன்மையான எலும்பு மெலிய, மென்மையான உறுப்பு இறுகுகின்றது. என்னே இம்முரண்!

எலும்பினின்று நீங்கிய சுண்ணம் குருதிவழிச் சென்று பிற உறுப்புகளில் படிதலை, 1855ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் விர்ச்சோ எழுதி விளக்கினார். குருதிக் குழாய்ச் சுவரின் தசை உயிரணுக்களே எலும்பை ஆக்கும் உயிரணுக்களின் இயல்பை மேற்கொள்கின்றன என்பது பின்னையோர் கண்ட உண்மை.

படிந்த சுண்ணத்தை நீக்குதல் அரிது. ஆதலின் வருமுன் காத்தலே அறிவுடைமை. நீரிழிவும் குருதிக் கொதிப்பும் சிறுநீரகத்தின் பெரும் பகைகள்; அவற்றை அடக்குதல் வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தோர் பாஸ்பரஸ் மிகுந்த உணவைக் குறைத்தும், மருத்துவர் குறித்த மருந்தை உணவோடு உட்கொண்டும், வேண்டுமிடத்துக் கருவியால் குருதியைத் தூய்மை செய்தும் பயன் பெறுவர். எலும்பு நோகின்றதென்று தாமே சுண்ணச்சத்து மாத்திரை உண்பது அவர்க்குத் தீங்காய் முடியக்கூடும்.

மாணவர்களே! சிறுநீரகம் பல்லாண்டு நோவு காட்டாமலே தேய வல்லது. உங்கள் இல்லத்து முதியோர் நீரிழிவால் வருந்துவாராயின், ஆண்டுதோறும் சிறுநீரையும் குருதியையும் ஆய்ந்து பார்க்குமாறு அன்போடு நினைவூட்டுங்கள்.