செப்டம்பரில் கரீபியன் கப்பல்: போகலாமா?

கேள்வி: செப்டம்பரில் மயாமியிலிருந்து கரீபியன் சொகுசுக் கப்பலில் போகலாம் என்கிறாள், அமெரிக்காவில் இருக்கும் மகள். கட்டணமும் குறைவாம். புயல் காலமாயிற்றே, பேரக்குழந்தைகளோடு போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் கட்டணம் குறைவதற்கு அந்தப் புயலும் ஒரு காரணம். அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. கப்பலுக்கு ஆபத்து வருமோ என்று பயப்படாதீர்கள். அந்த வெப்பக் கடலில் புயல் பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். கப்பல் 35-க்கு மேல் ஓடும். கேப்டன் விலகிப் போய்விடுவார். அப்போது பாதை மாறும். செயின்ட் தாமஸ் பார்க்கக் கிளம்பியவர்கள் கொசுமெலில் இறங்குவார்கள். இதற்கு நஷ்டஈடு கேட்க முடியாதபடி டிக்கெட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள்.

எனக்குக் கவலை திரும்பி வருவதில்தான். மயாமி துறைமுகம் மூடினால் ஓரிரு நாள் கடலிலேயே நிற்க நேரும். பிரஷர், சுகர் மாத்திரைகளைக் கூடுதலாகக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் கரை சேரும் அன்றே விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். பயணக் காப்பீட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குச் செல்லாது. அரூபா, குராசோ பக்கம் போகும் கப்பல் கிடைத்தால் இன்னும் நல்லது. புயல்கள் அவ்வளவு தெற்கே வருவது அபூர்வம்.