சேரன்மகாதேவி தந்த பேரவைத் தலைவர்

கேள்வி: திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பி. எச். பாண்டியனின் அரசியல் வாழ்வு எத்தகையது?

பதில்: வழக்கறிஞரான பி. எச். பாண்டியன், தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மகாதேவியில் 1977, 1980, 1984, 1989 ஆகிய நான்கு சட்டமன்றத் தேர்தல்களிலும் வென்றவர். அவற்றுள் கடைசி வெற்றி, எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் பிளவுண்ட அ.தி.மு.க.வில் பாண்டியன் சார்ந்த ஜானகி அணி மாநிலமெங்கும் படுதோல்வியடைந்து, ஆண்டிபட்டியில் ஜானகியே தோற்ற வேளையில் கிடைத்ததால், அது அணியைக் கடந்து அவருக்கே விழுந்த வாக்கு எனலாம்.

1985-இல் பேரவைத் தலைவரான அவர், அப்பதவிக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்றார். 1987-இல், சட்டமன்ற உறுப்பினரைப் பிக்பாக்கெட் போலவும் அமைச்சரை முகமூடித் திருடர் போலவும் காட்டிய அட்டைப்பட நகைச்சுவை ஆனந்த விகடனில் வெளிவந்தபோது, அது உரிமை மீறல், அதாவது அவையின் தனியுரிமைகளையும் மாண்பையும் குலைக்கும் செயல் எனக் கருதப்பட்டு, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. கடும் எதிர்ப்பு எழவே, அவர் சில நாள்களில் விடுதலையானார். அவையைக் காக்க வேண்டிய அதிகாரம் எழுத்தின் மீது பாய்ந்தது பெருந்தவறு என்பதில் ஐயமில்லை.

1999-இல் திருநெல்வேலியின் மக்களவை உறுப்பினரான பாண்டியன், 2020 ஜனவரியில் காலமானார். சேரன்மகாதேவித் தொகுதி அதற்கு முன்பே, 2008-இன் தொகுதி மறுசீரமைப்பில் நீக்கப்பட்டுவிட்டது.