ஆள் சேர்த்தால் லாபம் என்று விற்ற தங்கக் காசு

கேள்வி: நாங்கள் ராஜபாளையத்தில் இருக்கிறோம். என் கணவர் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்போது கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் நாத்தனார் மகன் பேச்சைக் கேட்டுக் காசில் போட்டோம். 'புரூஃப் காசு, குறைந்த எண்ணிக்கையில்தான் அடித்திருக்கிறார்கள், மூன்று வருடத்தில் இரட்டிப்பாகும்' என்றான். 1,85,000 ரூபாய்க்கு நாலு கிராம் தங்கக் காசு ஒன்றும் வெள்ளிக் காசு ஒன்றும் சான்றிதழோடு வந்தன. நகைக்கடையில் கேட்டால் பாதி விலைகூடத் தேறாது என்கிறார்கள். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் கமிஷனிலேயே போட்ட பணம் வந்துவிடும், சித்தியைச் சேருங்கள் என்று என் தங்கையைக் காட்டுகிறான். பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா? மாமியார் பூஜை அறையில் வைத்துவிட்டுப் போன ராஜா தலை போட்ட பவுன் காசு நான்கும், தஞ்சைப் பெரிய கோவில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் வெள்ளிக் காசு ஒன்றும் வீட்டில் இருக்கின்றன. உருக்கி மகளுக்கு நகை செய்யலாமா?
– வாசகி, ராஜபாளையம்

பதில்: அம்மா, முதலில் ஒன்று. உங்கள் தங்கையைச் சேர்க்காதீர்கள். உறவு கசந்தாலும் பரவாயில்லை. பணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஆனால் நீங்களே ஒருவரைச் சேர்த்துவிட்டால் அந்த வழி மிகவும் குறுகிவிடும்.

புரூஃப் காசு என்பது பொய்யல்ல. அச்சையும் காசுத் தகட்டையும் கண்ணாடிபோல் மெருகேற்றி, ஒரு முறைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். பின்புலம் பளபளக்கும், உருவம் பனி படர்ந்ததுபோல் வெண்மையாக நிற்கும். மத்திய அரசின் நாணயச் சாலைகளே நினைவு நாணயங்களை இப்படி அடித்து விற்கின்றன. ஆனால் புரூஃப் என்பது அடிக்கும் முறை. அதனால் தங்கத்தின் எடையோ தரமோ ஒரு குன்றிமணி கூடுவதில்லை. உலோக விலைக்கு மேல் நீங்கள் கொடுத்தது முழுவதும் அரிய பொருள் என்பதற்கான விலை. அதை இன்னொரு சேகரிப்பாளர் கொடுத்தால்தான் உண்டு. வங்கி தான் விற்ற தங்கக் காசையே திரும்ப வாங்காது. அடகு வைத்தாலும் உலோகத்தின் மதிப்புக்குத்தான் கடன் கிடைக்கும், அழகுக்கும் அபூர்வத்துக்கும் ஒரு ரூபாய்கூட இல்லை. உங்களிடம் உள்ள சான்றிதழைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். விற்ற நிறுவனமே கொடுத்திருந்தால் அது அவர்கள் சொன்ன வாக்கு, அவ்வளவுதான்.

வெறுமனே அதிக விலைக்கு விற்பது குற்றமாகாது. உங்கள் விஷயத்தில் சட்டம் நுழையும் இடம் அந்த 'இரண்டு பேர்'. புதிதாக ஆள் சேர்வதை வைத்துப் பணம் வரும் என்று சொல்லி நடத்தும் திட்டத்தை 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் தடுக்கிறது. நடுவில் ஒரு காசையோ மருந்துப் பாட்டிலையோ வைத்துவிட்டால் தப்பிவிடலாம் என்று நடத்துகிறவர்கள் நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை வாசித்தால் பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, உறுப்பினராகச் சேருவதும், அதற்காகப் பணம் வாங்குவதும் அனுப்புவதும்கூடத் தடை. தண்டனை மூன்று ஆண்டு வரை. 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன.

இதே சரக்கு, இதே பேச்சு நம் மாநிலத்தில் முன்பே வழக்காகியிருக்கிறது. கோல்டு குவெஸ்ட் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் சேகரிப்புக்கான தங்க, வெள்ளிக் காசுகளைச் சங்கிலி முறையில் விற்றது. 2003-இல் சென்னையில் அதன் மீது ஏமாற்றுக் குற்றத்துக்கான 420-ஆம் பிரிவிலும் மேற்படி 1978 சட்டத்திலும் வழக்குப் பதிவானது. புகார் கொடுத்தவர்களோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி வழக்கை ரத்து செய்ய, இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்ற, கடைசியில் 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. சிலர் இதைக் காட்டி, 'இந்த வியாபாரம் சரி என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்பார்கள். அப்படி இல்லை. ரத்துக்கு அடிப்படை சமரசம். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு: எழுத்தில் புகார் கொடுத்தவர்களோடுதான் நிறுவனம் பேச வந்தது. வெட்கத்தாலும் உறவுக்குப் பயந்தும் சும்மா இருப்பவரைத் தேடி வந்து யாரும் பணம் கொடுப்பதில்லை.

ஓய்வுப் பணத்தைக் குறிவைப்பதும் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2020 செப்டம்பரில் அமெரிக்காவில் மத்திய அரசின் ஒழுங்குமுறை ஆணையமும் 30 மாநிலங்களும் சேர்ந்து மெட்டல்ஸ் டாட் காம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. முதியவர்களின் ஓய்வூதியச் சேமிப்பைக் குறிவைத்து 18 கோடி டாலருக்கு மேல் வாங்கி, அதிக விலை வைத்த காசுகளை அவர்கள் தலையில் கட்டியது என்பதுதான் குற்றச்சாட்டு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நீங்களாகக் காசை உறையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். கடைக்காரர் உரைகல்லில் உரச விடவே கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் 'காசு கெட்டுவிட்டது, திருப்பி எடுக்க மாட்டோம்' என்பார்கள். எக்ஸ்ரே கருவி உள்ள ஹால்மார்க் மையத்தில் எடையும் தரமும் பார்த்து எழுத்தில் வாங்குங்கள். நாத்தனார் மகன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் குரல் பதிவுகளையும் அழிக்காதீர்கள், அந்தப் போனை மாற்றவும் வேண்டாம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது அதற்கான சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. பிறகு நிறுவனத்துக்குப் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் ஒரு கடிதம்: இன்ன தேதியில் இவ்வளவு கொடுத்தேன், இன்னது சொல்லி விற்றீர்கள், காசைத் திருப்பித் தருகிறேன், பதினைந்து நாளில் பணத்தைத் தாருங்கள்.

பதில் வராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் வழக்குப் போடலாம். விருதுநகர் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு அருகே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ஐந்து லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வியாபார நோக்கத்தில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். நீங்கள் ஒருவரைச் சேர்த்துக் கமிஷன் வாங்கியிருந்தால், 'இவர் எங்கள் முகவர், நுகர்வோர் அல்ல' என்று எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே எழுதும். தங்கையைச் சேர்க்க வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னதற்கு இதுவும் காரணம். ஏமாற்று பற்றிய புகாரை மாவட்டக் காவல்துறையின் குற்றப்பிரிவில் கொடுக்கலாம். உங்களைப்போல் வாங்கிய பத்துப் பேர் தெரிந்தால் சேர்ந்து போங்கள்.

நாத்தனார் மகனைப் பற்றி எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவனும் பணம் கட்டி ஏமாந்தவனாக இருக்கலாம். ஆனால் உங்களைச் சேர்த்ததற்குக் கமிஷன் வாங்கியிருந்தால் சட்டத்தின் முன் அவன் வெறும் பாதிக்கப்பட்டவன் அல்ல. இதை அவனிடம் நேரில் சொல்லுங்கள். இப்போதே நிறுத்திவிட்டு, தன்னிடம் உள்ள ரசீதுகளோடு உங்கள் பக்கம் வந்து நின்றால் அவனுக்கும் நல்லது, உங்கள் வழக்குக்கும் பலம்.

மாமியார் காசுகளுக்கு வருகிறேன். உருக்குவதற்கு முன், அவை யாருடையவை என்று கேட்க வேண்டும். உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து கணவர், மகன்கள், மகள்கள் அனைவருக்கும் சமமாகப் போகும். மாமனாரும் இல்லை, பிள்ளைகள் இருவர்தான் என்றால், நான்கு காசில் இரண்டு உங்கள் நாத்தனாருடையவை. இந்தத் தகராறு நடக்கும் நேரத்தில் அவரைக் கேட்காமல் உருக்கினால் நியாயம் முழுக்க அவர் பக்கம் போய்விடும். அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

தஞ்சைக் கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக அரசு வெளியிட்டது 35 கிராம் எடையும் 80 சதவீத வெள்ளியும் கொண்ட காசு. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி நினைவு நாணயமும் நாணயமே. அதை உருக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை. அதைத் தொடாதீர்கள். ராஜா தலைக் காசு இன்று இந்தியாவில் செல்லுபடியாகும் நாணயம் அல்ல என்பதால் அந்தத் தடை அதற்கு இல்லை. ஆனாலும் அவசரப்பட வேண்டாம். 1918 என்று போட்டிருந்தால், குதிரை வீரன் பக்கத்தில் ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து பொடியாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பம்பாயில் அந்த ஒரே ஆண்டு அடித்த காசு அது, சேகரிப்பாளர்கள் தங்க விலைக்கு மேல் கேட்பது உண்டு. நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள் என்பதால் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

விற்றாலும் கடையில் நகைக்கு மாற்றினாலும் மூலதன ஆதாய வரி வரும், 12.5 சதவீதம். பூஜைக்கு வைத்திருந்த காசு சொந்த உபயோகப் பொருள், வரி கிடையாது என்று சொல்லிப் பயனில்லை. அந்த வாதத்தை ஒரு மகாராஜாவே உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 1976-இல் தோற்றார். மாமியாரிடம் 2001-க்கு முன்பே இருந்த காசு என்றால், 1-4-2001 அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் காட்டலாம். அதற்கான மதிப்பீட்டுச் சீட்டை, காசு கைமாறுவதற்கு முன்பே பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் வாங்கிவிடுங்கள்.